'ரூட்டு தல' கொடுங்கையூருக்கு வரட்டும்!

மாணவர் தலைவன் என்றால் சென்னையில் இரண்டு ரகம். கொடி பிடித்துக் கோஷம் போடுகிறவர் ஒருவர். பஸ் கூரையில் ஏறித் தாளம் போடுகிற 'ரூட்டு தல' இன்னொருவர். இரண்டாவது ரகம்தான் அடிக்கடி நம் பேப்பரில் வருகிறது.

2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் 29ஈ பஸ்ஸை மறித்து, பட்டப்பகலில் பட்டாக்கத்தியோடு ஓட ஓட விரட்டினார்கள். 2024 அக்டோபரில் சென்ட்ரல் ரயில் நிலையம் அருகே அடிபட்ட கல்லூரி மாணவர் உயிரே போய்விட்டது. கைது, ஜெயில், வாசலில் அழுகிற அம்மா. இதை எழுதி எழுதி எங்களுக்கும் அலுத்துவிட்டது.

ஆனால் ஒன்று. 'தல' கூப்பிட்டால் நாற்பது பசங்க வந்து நிற்கிறார்கள். இந்தச் செல்வாக்கு எந்த அதிகாரிக்கு உண்டு? இதை ஏன் யாரும் உருப்படியாகப் பயன்படுத்தவில்லை?

பயன்படுத்த இடமா இல்லை? கொடுங்கையூர் இருக்கிறதே! நாற்பது வருஷத்துக்கும் மேலாக ஊர்க் குப்பையைத் தாங்குகிற ஊர். எழில் நகர் பக்கம் வீடு என்றால் பெரும்பாலும் ஒரே அறைதான். அடுப்பும் அங்கே, டி.வி.யும் அங்கே, தூக்கமும் அங்கேயே. பையன் எங்கே உட்கார்ந்து படிப்பான்? எட்டாவது வரை ஆல் பாஸ், வண்டி ஓடிவிடும். ஒன்பதாவதில்தான் கணக்கும் இங்கிலீசும் காலை வாருகின்றன. பத்தாவதில் போச்சு என்றால் லாரி கிளீனர், இல்லாவிட்டால் பழைய இரும்புக் கடை.

அரசு சும்மா இருந்ததாகச் சொல்ல முடியாது. 2021 அக்டோபர் 27-ல் மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய், தினம் மாலை ஒன்றரை மணி நேரம் வரை பாடம். நல்ல திட்டம்தான். ஆனால் எட்டாம் வகுப்போடு கோடு போட்டுவிட்டார்கள். பசங்க வழுக்கி விழுவதோ ஒன்பதாவதில்!

அங்கேதான் கல்லூரிப் பசங்க வேண்டும். புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1969-ல் வந்த நாட்டு நலப்பணித் திட்டப்படி மாணவர் இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். இப்போது அதில் எவ்வளவு ஊர்வலத்துக்கும் பேனர் பிடிக்கவும் போகிறது என்பது பசங்களுக்கே தெரியும். கணக்குப் போடுங்கள்: வருஷத்துக்கு 120 மணி, தினம் இரண்டு மணி என்றால் அறுபது சாயந்திரம். இருபது பேர் முறை வைத்து வந்தால் 2,400 மணி நேரம்!

"இந்தப் பசங்களா பாடம் எடுப்பார்கள்?" என்று சிரிக்கிறார்கள் சில பெரியவர்கள். மேற்கு வங்கம் முர்ஷிதாபாத்தில் 2002-ல் பாபர் அலி என்ற ஒன்பது வயசுப் பையன், தான் பள்ளியில் படித்ததை வீட்டு முற்றத்தில் எட்டுக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தான். அது பெரிய பள்ளிக்கூடமாகவே வளர்ந்தது. 2009-ல் பி.பி.சி. அவரை உலகத்தின் மிக இளைய தலைமை ஆசிரியர் என்றது. நம்ம பசங்க இருபது வயசு ஆள்கள்!

பயம் வேறு இடத்தில் இருக்கிறது. முதல் நாள் போட்டோ, ரெண்டாவது வாரம் பூட்டு. தலைவன் டிகிரி முடித்துப் போனதும் வகுப்பும் போய்விடும். இதற்கு 'ரூட்டு தல'யிடமே வழி இருக்கிறது. சீனியர் போகும்போது பட்டத்தை ஜூனியரிடம் கொடுத்துவிட்டுத்தானே போகிறான்? வகுப்பையும் அப்படியே கை மாற்றட்டும். கட்சிக் கொடி மட்டும் வாசலுக்கு வெளியிலேயே நிற்கட்டும். பெண் பிள்ளைகள் வீடு திரும்ப, எட்டு மணிக்குத் தெருவிளக்கு எரிய வேண்டும். போலீஸ் ரோந்தும் ஒரு சுற்று வர வேண்டும்.

கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகம் மாதிரி பெரிய கட்டடம் கேட்கவில்லை. மாநகராட்சிப் பள்ளியில் ரெண்டு அறை, நாலு டியூப் லைட், ஃபேன், குடிக்கத் தண்ணீர் போதும். சாயந்திரம் ஆறிலிருந்து எட்டு வரை அந்த அறைச் சாவியை மாநகராட்சிக் கல்வித் துறை கொடுக்குமா?