கட்டளையிடும் பலகையும் உழைக்கும் மோட்டாரும்

பள்ளிப் பிள்ளைகள் ஓய்வு வேளையில் சிறு யந்திர வண்டிகளைச் செய்து ஓட்டிப் பார்ப்பது இந்நாளில் கிராமங்களிலும் பரவி வருகின்றது. 2005-ஆம் ஆண்டில் இத்தாலி தேசத்து இவ்ரியா நகரில் தோன்றிய ஆர்டுயினோ என்னும் பலகையைப் பலர் இதற்கு உபயோகிக்கின்றனர். இம்முயற்சி மெச்சத்தக்கதே. ஆயினும் ஒரே பிழையினால் முதல் நாளிலேயே பலகை கெட்டு, பணமும் ஊக்கமும் வீணாவதுண்டு. மோட்டாரின் கம்பிகளைப் பலகையின் முனைகளில் நேரே பூட்டிவிடுவதே அப்பிழை.

ஏரி மதகைத் திறப்பவன் நீரைத் தோளில் சுமந்து வயலுக்குக் கொண்டுபோவதில்லை. அவன் திறக்கிறான், நீர் தன் பாரத்தால் பாய்கிறது. பலகையின் தொழிலும் திறப்பதும் மூடுவதுமே. ஆர்டுயினோ யூனோ பலகையின் ஒரு முனையிலிருந்து 20 மில்லி ஆம்பியர் வரையில் மின்சாரம் எடுக்கலாம். 40 மில்லி ஆம்பியர் கடைசி எல்லை. விளையாட்டு வண்டியின் சிறு மோட்டாரோ ஓடும்போதே 100 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சக்கரம் தடைப்பட்டு நின்றால் அதைப்போல் பன்மடங்கு இழுக்கும். சிறு ரிலேயின் சுருளுக்குக்கூட 70 மில்லி ஆம்பியர் அளவு வேண்டியிருக்கிறது.

"நேரே பூட்டியும் ஓடிற்றே" என்று சிலர் வாதிப்பர். சில நாழிகை ஓடியதே யோக்கியதையாகாது. நொண்டும் மாட்டை அடித்து ஓட்டினாலும் அன்றைய உழவு முடியலாம், மாடு மிஞ்சாது.

ஆகையால் பலகைக்கும் மோட்டாருக்கும் நடுவே ஒரு கருவி அவசியம். மோட்டார் ஒரே திசையில் சுழன்றால் போதுமெனில் தக்க டிரான்ஸிஸ்டர் ஒன்று போதும். முன்னும் பின்னும் சுழல வேண்டுமெனில் எல்293டி போன்ற சில்லு வேண்டும். அது ஒரு வழிக்கு 600 மில்லி ஆம்பியர் தாங்கும். டிரான்ஸிஸ்டரை உபயோகிப்போர் மோட்டாரின் இரு முனைகளுக்கும் குறுக்கே 1என்4007 டையோடு ஒன்றை, கோடுள்ள பக்கம் பாட்டரியின் பாஸிடிவை நோக்க, இணைக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்தும் கணத்தில் சுருளினின்று எழும் எதிர் அழுத்தம் டிரான்ஸிஸ்டரைக் கெடுக்காமல் அது காக்கும்.

மோட்டாருக்குத் தனிப் பாட்டரி வைத்தல் நலம். இல்லையேல் மோட்டார் கிளம்பும்போது அழுத்தம் குறைந்து, பலகை நின்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். இரு பாட்டரிகளின் நெகடிவ் கம்பிகளை மட்டும் ஒன்றாய் இணைக்க மறத்தலாகாது. இவ்விணைப்பு இல்லாவிடில் பலகையின் கட்டளை மோட்டாரைச் சேராது.

இவற்றைக் கற்பிக்கும் முறையிலும் மாறுதல் வேண்டும். கம்ப்யூட்டரில் கட்டளை எழுதும் வித்தையை முதலில் புகட்டி, கம்பி இணைப்பைப் பின்னுக்குத் தள்ளுதல் தலைகீழான போதனை. எழுத்துப் பிழையை அழித்துத் திருத்தலாம். கருகிய முனையைத் திருத்த இயலாது.

வண்டியில் வெற்றி கண்ட பிள்ளையின் கை அடுத்தபடி கிணற்று மோட்டாரை நாடும். அங்கே கெடுவது பலகையன்று, உயிர். விளையாட்டு ரிலே பம்பு மோட்டாரின் பாரத்தைத் தாங்காது. ஸ்டார்ட்டரிலுள்ள கான்டாக்டரின் சுருளை இயக்குவதோடு அது நிற்க வேண்டும். அவ்விணைப்பையும் லைசென்ஸ் பெற்ற மின்சார வேலைக்காரரே செய்தல் வேண்டும். ஈரக்கையும் ஈரத்தரையும் உள்ள இடத்தில் சோதனைக்கு இடமில்லை. பெற்றோர் பிள்ளையின் ஆவலைத் தடுக்க வேண்டியதில்லை. எல்லையைக் காட்டினால் போதும்.