சட்டைப்பைக் காமிராவும் தோள்பைக் காமிராவும்

நாகர்கோவிலுக்கு அருகில் வசிக்கும் இளம் நண்பர் ஒருவர், தமிழில் முதுகலை முடித்தவர், சென்ற ஆண்டு எங்களிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார். தோல்பாவைக்கூத்து நடத்தும் குடும்பம் ஒன்றை ஓராண்டுக் காலம் தொடர்ந்து படமெடுக்க வேண்டுமென்பது அவரது ஆசை. கையிலிருப்பது டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம். அதற்குள் யாரோ பயன்படுத்திய டி.எஸ்.எல்.ஆர். ஒன்று வாங்கலாம், அல்லது இப்போது மீண்டும் பலரும் தேடித் திரிகிற, சட்டைப்பையில் அடங்கிவிடும் பழைய டிஜிட்டல் காமிரா ஒன்று வாங்கலாம். இரண்டையும் வாங்க இயலாது. "எது அண்ணா?" என்று ஒரே வரியில் முடித்திருந்தார்.

அந்த ஒரு வரிக்கு எங்களில் ஐந்து பேர் ஆறு பதில்கள் சொன்னோம். காரணம், இதே கேள்வியில் நாங்கள் ஏற்கெனவே ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறோம்.

2006ஆம் ஆண்டு. நண்பர்கள் கூடிப் பணம் போட்டு ஒரு காமிரா வாங்குவதென்று முடிவாயிற்று. பழைய சிற்றிதழ்களைத் தேடிப் போய், அவை கரையானுக்கு இரையாவதற்குள் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைப்பது ஒரு நோக்கம். மூத்த எழுத்தாளர்களைச் சந்திக்கும்போது படமெடுப்பது இன்னொன்று. அன்றைக்கு இரண்டு கட்சிகள் இருந்தன. கெனான் நிறுவனம் 2003இல் இஓஎஸ் 300டி என்ற காமிராவை 899 டாலருக்கு விற்கத் தொடங்கியதிலிருந்து டி.எஸ்.எல்.ஆர். என்பது தொழில்முறைப் புகைப்படக்காரர்களின் தனிச்சொத்தாக இல்லாமல் போயிருந்தது. மறுபுறம், கேஸியோவின் எக்ஸிலிம் வரிசையில் முதலாவது 2002இல் வந்தபோதே 11.3 மில்லிமீட்டர் தடிமன்தான் இருந்தது. ஒரு சிறு கவிதைத் தொகுப்பின் தடிமன். கெனானின் டிஜிட்டல் இக்ஸஸ் அதற்கும் முன்பே, 2000இல் வந்துவிட்டது. கடைக்காரர் மெகாபிக்சல் கணக்கை மட்டுமே பேசினார். அந்தக் கணக்கில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன என்பது எங்கள் குழப்பத்தைக் கூட்டியது. பெரும்பான்மை பெரியதன் பக்கம் சாய்ந்தது. உண்மையைச் சொல்வதென்றால், தோளில் மாட்டிக்கொண்டு நடந்தால் நன்றாக இருக்குமே என்ற நைப்பாசையும் அதில் கலந்திருந்தது.

சிற்றிதழ்களைப் பொறுத்தவரை அந்த முடிவு சரியாகவே அமைந்தது. முக்காலியில் காமிராவைக் கீழ்நோக்கிப் பொருத்தி, இருபுறமும் நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் இரண்டு மேசை விளக்குகளை வைத்து, மூன்றாண்டுகளில் ஏறத்தாழ நான்காயிரம் பக்கங்களை எடுத்தோம். நண்பர் ஒருவர் தம் சொந்தச் சிறு காமிராவில் எடுத்துப் பார்த்த பக்கங்களில் வரிகள் ஓரங்களில் வளைந்து, பீப்பாயின் வயிறு போலப் புடைத்திருந்தன. பிளாஷ் பட்ட இடத்தில் எழுத்தே இல்லை, வெள்ளைதான் இருந்தது.

மனிதர்களிடம் கதை வேறாக இருந்தது. மூத்த சிறுகதையாசிரியர் ஒருவரைச் சந்திக்கப் போனோம். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. வீட்டுக்கு எதிரே இருந்த டீக்கடைத் தூணில் சாய்ந்தபடி, தம் தலைமுறைக்காரர்களைப் பற்றி அபாரமாகப் பேசிக்கொண்டிருந்தார். பையிலிருந்து காமிராவை எடுத்தோம். பேச்சு நின்றது. சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார். எடுத்த இருபது படங்களும் ரேஷன் அட்டைக்கு எடுத்தவை போல இருந்தன. அதன்பின், சிறு காமிராக்கார நண்பர் மேசைமீது கையை ஊன்றியபடி, பேச்சைக் கேட்டுக்கொண்டே ஒரு படம் எடுத்திருக்கிறார். அதில் அவர் டீ கிளாஸைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறார். படம் கலங்கல், நிழல் முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைச்சல். ஆனால் அதுதான் அவர்.

இதுவரை சொன்னதைக் கேட்டால் சிறியதே சிறந்தது என்று வாசகர்கள் முடிவுக்கு வந்திருக்கக்கூடும். நாங்களும் வந்திருந்தோம். இரண்டாண்டுகள் கழித்து அவர் காலமானபோது, வீட்டில் மாட்டுவதற்கு ஒரு படம் வேண்டுமென்று அவருடைய மகள் கேட்டார். இரண்டையும் அனுப்பினோம். அவர்கள் பொத்தான் போட்ட படத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். "அப்பா வெளியில் போகும்போது இப்படித்தான் இருப்பார்" என்றார் மகள். எங்களில் சிலருக்கு அது ஏமாற்றம். டீ கிளாஸ் படம் கலை, மற்றது சம்பிரதாயம் என்று வாதிட்டார்கள். தம்மைப் பிறர் எப்படிக் காண வேண்டும் என்று ஒரு மனிதர் எடுத்த முடிவை நாம் ஏன் மதிக்கக்கூடாது என்று வேறு சிலர் கேட்டார்கள். அந்த வாதம் இன்றுவரை முடியவில்லை. இளம் நண்பரின் கேள்வி அதைத்தான் மறுபடி கிளறிவிட்டது.

சிறிய காமிராவுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்கள் புதியவை அல்ல. 1925இல் லைப்ஸிக் சந்தையில் லைக்கா அறிமுகமானபோதே இவை தொடங்கிவிட்டன. கார்ட்டியே-பிரெஸோன் தம் லைக்காவின் பளபளக்கும் பாகங்களைக் கருப்பு ஒட்டுநாடாவால் மறைத்துக்கொண்டார். ஜப்பானின் தைதோ மொரியாமா பெரிய காமிராக்களை நாடாமல் ரிக்கோவின் ஜிஆர் வகைச் சிறு காமிராக்களோடு பல்லாண்டுகள் தெருக்களில் அலைந்தவர். இவர்களை மேற்கோள் காட்டிப் பேசுவது எளிது. ஆனால் லைக்கா சிறிதாக இருந்தாலும் அதன் படச்சுருளின் சட்டகம் 24க்கு 36 மில்லிமீட்டர். இன்று 'ஃபுல் ஃப்ரேம்' என்று பெருமையாக விற்கப்படுவது அதே அளவைத்தான். உடல் சிறியது, கண் பெரியது. நாம் பேசிக்கொண்டிருக்கும் சட்டைப்பைக் காமிராவிலோ உடலும் சிறியது, கண்ணும் சிறியது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் கார்ட்டியே-பிரெஸோன் பெயரைச் சொல்வது நேர்மையல்ல.

எவ்வளவு சிறியது? 2000களின் மத்தியில் வந்த பெரும்பாலான சட்டைப்பைக் காமிராக்களின் சென்சார், சுமார் 5.8க்கு 4.3 மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தைவிடவும் சிறியது. நிக்கானின் சாதாரண டி.எஸ்.எல்.ஆரில் இருப்பது சுமார் 23.6க்கு 15.6. பரப்பளவில் ஏறத்தாழ பதினைந்து மடங்கு. லென்ஸின் வாயையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சிறியதில் அதிகபட்சத் திறப்பு பெரும்பாலும் எஃப் 2.8, அதுவும் ஜூம் செய்யாதவரைதான். பெரியதில் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை அதிகச் செலவில்லாமல் பொருத்திக்கொள்ளலாம். இரண்டையும் பெருக்கினால், ஒரே நொடிப்பொழுதில் பெரிய காமிரா சேகரிக்கும் வெளிச்சம் சுமார் முப்பத்தாறு மடங்கு. பகல் வெளிச்சத்தில், கோயில் பிராகாரத்தில், கடற்கரையில் இந்தக் கணக்கைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. தோல்பாவைக்கூத்து நடப்பது பகலில் அல்லவே.

வெள்ளைத் திரை கட்டியிருக்கிறது. திரைக்குப் பின்னால் ஒரு விளக்கு. முன்பு எண்ணெய் விளக்கு, இப்போது பல்பு. விளக்குக்கும் திரைக்கும் நடுவே, ஆட்டுத்தோலில் செதுக்கி வண்ணமிட்ட பாவைகளை ஒரே கலைஞர் ஆட்டுகிறார். ராமனும் அவரே, ராவணனும் அவரே. இடையில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து சிரிக்க வைக்கும்போது அந்தக் குரல்களும் அவருடையவையே. அவருடைய கைகள் ஒரு நொடி நிற்பதில்லை. அந்தக் கைகளைப் படத்தில் நிறுத்த வேண்டுமானால் நொடியில் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்காவது வேகம் வேண்டும். சிறு காமிரா அங்கே பதினைந்தில் ஒரு பங்கில் திணறும். பிளாஷைப் போட்டால் திரையில் விழும் நிழலே அழிந்துபோகும். கூத்தும் அதோடு கெடும். பொத்தானை அழுத்தியபின் இந்தப் பழைய சிறு காமிராக்கள் குவியம் தேடி எடுத்துக்கொள்ளும் அரை நொடியில், ராவணனின் தலை விழுந்து காட்சியே மாறிவிட்டிருக்கும்.

பெரிய காமிராவில் கண்ணாடி மேலெழும் 'டக்' என்ற ஓசை இடையூறாகாதா என்று ஒரு நண்பர் கேட்டார். மிருதங்கமும் ஆர்மோனியமும் ஜாலராவும் ஒலிக்கும் இடத்தில் அந்தக் கவலை தேவையில்லை. பாடுபவர்தான் காமிராவுக்கு இடையூறாகாமல் இருக்க வேண்டும்!

இந்த ஓசையைவிட எங்களை உறுத்துவது வேறொன்று. டி.எஸ்.எல்.ஆரைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்போது எடுப்பவரின் முகம் மறைந்துவிடுகிறது. எதிரே இருப்பவருக்குத் தெரிவது ஒரு கருப்புப் பெட்டியும் அதன் கண்ணாடி வட்டமும்தான். சட்டைப்பைக் காமிராவைக் கைநீட்டிப் பிடிக்கும்போது நம் முகம் திறந்தே இருக்கிறது; சிரிப்பதும் தலையாட்டுவதும் அவருக்குத் தெரிகிறது. (பழைய ரோலிபிளெக்ஸ் காமிராவில் மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். படமெடுக்கப்படுபவர் முன் தலைவணங்குவதைக் கட்டாயமாக்கிய கருவி அது ஒன்றுதான் என்று எங்களில் மூத்தவர் அடிக்கடி சொல்வார்.) அந்த எழுத்தாளர் பேச்சை நிறுத்தியது காமிராவின் அளவைக் கண்டு மட்டுமல்ல என்று இப்போது தோன்றுகிறது. எங்கள் ஐந்து முகங்களில் ஒன்று திடீரென்று காணாமல் போனதும் காரணமாக இருக்கலாம். இதற்கு மருந்து காமிராவைச் சிறிதாக்குவது மட்டுமே அல்ல. முதல் சில சந்திப்புகளில் அதை வெளியே எடுக்காமலேயே இருக்கலாம். எடுத்தபின்பும் அடிக்கடி கீழே இறக்கிப் பேசலாம். நாங்கள் 2006இல் செய்தது, போன பத்தாவது நிமிடத்தில் பையைத் திறந்தது.

கைபேசி இருக்கும்போது இந்தப் பேச்செல்லாம் எதற்கு என்று ஒரு கட்சி இயல்பாகவே எழுந்தது. சட்டைப்பைக் காமிராவைக் கொன்றது கைபேசிதான். 2010இல் உலகெங்கும் 12 கோடிக்கும் மேல் அனுப்பப்பட்ட டிஜிட்டல் காமிராக்கள், 2023இல் 80 லட்சத்தையும் எட்டவில்லை. இன்றைய கைபேசி இருளிலும் படமெடுக்கிறது. ஆனால் அது எடுப்பது ஒரு படமல்ல. பல படங்களை அடுத்தடுத்து எடுத்து அடுக்கி, இரைச்சலைத் துடைத்து, நிழலைத் தூக்கி நமக்கு ஒன்றாகத் தருகிறது. அசையாத கோபுரத்துக்கு அது நன்று. நிழலே கலையாக இருக்கும் ஓர் இடத்தில், நிழலைத் தூக்கிக் காட்டும் கருவி என்ன செய்துவைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் ஊர்த் திருவிழாக் கூத்து ஒன்றில் சோதித்தும் பார்த்தோம். திரைக்குப் பின்னால் இருந்தவரின் முகம் மெழுகு பூசியது போல வந்தது.

இனி விலை. டி.எஸ்.எல்.ஆர். யுகம் முடிந்துவிட்டது. நிக்கானும் கெனானும் 2020க்குப் பிறகு புதிய மாடல் எதையும் கொண்டுவரவில்லை. இரண்டும் கண்ணாடி இல்லாத 'மிர்ரர்லெஸ்' வகைக்குப் போய்விட்டன. அதனால் நல்ல டி.எஸ்.எல்.ஆர்கள் பழைய சந்தையில் மலிந்து கிடக்கின்றன. தலைகீழாக, சட்டைப்பைக் காமிராக்கள் அவற்றின் மங்கலான நிறங்களுக்காகவே இளைஞர்களிடம் மறுபிறவி எடுத்து விலையேறிவிட்டன. ஏக்கத்தை விலைக்கு விற்கிறார்கள் என்று நாங்கள் முணுமுணுப்பது வயதின் கோளாறாகவும் இருக்கலாம். ஆனால் நடைமுறைச் சிக்கல்கள் உண்மையானவை. பேட்டரி உப்பியிருக்கும்; மாற்று கிடைப்பது அரிது. சிலவற்றுக்கு எக்ஸ்டி கார்டு வேண்டும், அதை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. எஸ்டி கார்டு போடக்கூடிய மிகப் பழையவை 2 ஜிபிக்கு மேற்பட்ட அட்டைகளை அடையாளமே காணாது. வெளியே நீண்டு உள்ளே மடங்கும் லென்ஸ் குழலில் மணல் ஒன்று புகுந்தால் கதை முடிந்தது. பழுதுபார்க்கும் கூலியில் இன்னொன்று வாங்கலாம்.

டி.எஸ்.எல்.ஆரிலும் ஆபத்து இல்லாமலில்லை. எங்களுடையது 2011இல் பூஞ்சையால் கெட்டது. சென்னை ஈரத்தில், மூடிய பைக்குள், அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்த லென்ஸுக்குள் சிலந்தி வலை போலப் படர்ந்திருந்தது. அதற்கு நாங்களே பொறுப்பு. எடுத்துச் செல்லக் கனமாக இருக்கிறதென்று ஒவ்வொருவரும் அடுத்தவர் வீட்டில் விட்டுவைத்தோம்.

இத்தனை யோசனைக்குப் பின் அவருக்கு நாங்கள் எழுதியது இதுதான்: பழைய டி.எஸ்.எல்.ஆர். வாங்குங்கள். அதோடு கொடுக்கும் ஜூம் லென்ஸ் வேண்டாம். 35 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று போதும். வாங்குமுன் லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். பெரிய பை வாங்காதீர்கள், துணிப்பையில் கொண்டுபோங்கள். முதல் இரண்டு கூத்துகளுக்கு வெறுங்கையோடு போய் முன்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். எங்களில் இருவர் இந்தப் பதிலில் கையெழுத்திட மறுத்தார்கள் என்பதையும் சேர்த்தே எழுதினோம்.

சென்ற மாதம் நாற்பது படங்கள் அனுப்பியிருந்தார். பாதியில் கைகள் கலங்கியே இருக்கின்றன. வேகத்தைக் கூட்ட வேண்டும் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. ஒன்றில் பல்பின் மஞ்சள் ஒளி கலைஞரின் தோளில் விழ, வாய் திறந்து பாடிக்கொண்டிருக்கிறார். பின்னால் கயிற்றில் சீதை தொங்குகிறாள். நாங்கள் அதைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். கலைஞர் பிரிண்ட் கேட்டது வேறொன்றுக்கு: கூத்து தொடங்குமுன், இஸ்திரி போட்ட சட்டையணிந்து, திரைக்கு முன்னால், கையில் ராமர் பாவையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் படம். பத்துக்குப் பன்னிரண்டு அங்குலத்தில், சட்டம் போட்டு வேண்டுமாம். அந்த நிறங்கள் கெடாமல் அச்சிடும் ஸ்டூடியோ நாகர்கோவில் பக்கம் இன்னும் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.