யூஸுவுக்கு ஒரு நியாயம், பனைக்கு ஒரு நியாயம்

ஜப்பானிய ஜின்னை ஒரு மிடறு அருந்திவிட்டு அதன் மண்வாசனையைக் கொண்டாடும் இலக்கிய நண்பர்களோடு எங்களுக்கு ஒரு வழக்கு உண்டு. வழக்கு ஜின் மீதல்ல. 2017இல் சன்டோரி நிறுவனம் வெளியிட்ட ‘ரோக்கு’வை நாங்களும் சுவைத்தோம். ரோக்கு என்றால் ஆறு: செர்ரிப் பூ, செர்ரி இலை, யூஸு என்னும் நாரத்தையினப் பழத்தின் தோல், சென்சா, கியொகுரோ ஆகிய இரு தேயிலைகள், சான்ஷோ மிளகு. முதலில் யூஸுவின் மணம், நடுவே தேயிலையின் துவர்ப்பு, இறுதியில் நாவில் மெல்லிய காரம். நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஜின் ஜப்பானில் பிறந்ததல்ல. ஜூனிபர் காயின் மணமேற்றிய டச்சு ‘யெனீவர்’தான் அதன் மூதாதை. டச்சு வணிகர்கள் 1613இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1641 முதல் நாகசாகியின் தெஜிமா தீவிலும் இருந்தார்கள். அந்நியரின் பானத்தில் ஜப்பானியர் பின்னாளில் தம் மரங்களின் மணத்தைச் சேர்த்து, அதைத் தமதாக்கிக்கொண்டார்கள். பழவேற்காட்டில் பனைமரம் நிற்கிறது. அதன் கள்ளோ குற்றப்பொருள்.

பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்துப் பனைகளைக் கவனியுங்கள். பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர், தடவாவிட்டால் கள். இந்த ஒரு விரல் சுண்ணாம்புதான் உழைப்பாளிக்கும் குற்றவாளிக்கும் இடையிலான எல்லை. சுமிடோமோ கூட்டாளியாயிருக்கும் தொழிற்பூங்கா இவ்வட்டாரத்துக்கு வரலாம்; அயல்நாட்டு மது டாஸ்மாக்கின் எலைட் கடைக்கு வரலாம்; பனையேறியைத் தேடிக் காவல்துறை மட்டுமே வரும்.

1987இல் கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. 2003இல் மதுச் சில்லறை விற்பனை முழுவதையும் அரசே எடுத்துக்கொண்டது. பெரும்பாலும் கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த, 42.8 விழுக்காடு சாராயச் சத்துள்ள திரவம் சட்டபூர்வமானது. அதன் பெயரே ‘இந்தியாவில் தயாரிக்கப்பட்ட அயல்நாட்டு மது’. ஐந்து விழுக்காட்டை ஒட்டிய சத்துள்ள, இம்மண்ணின் மரம் சுரக்கும் கள் சட்டவிரோதம். 2021இன் வேளாண் நிதிநிலை அறிக்கை 76 லட்சம் பனை விதைகளை அறிவித்தது. மரம் வேண்டும், மரமேறி வேண்டாம் என்பதுதான் இதன் பொருளா?

கலப்படத்தைக் காரணம் காட்டுவார்கள். பாலிலும் கலப்படம் உண்டு; அதற்காக மாட்டைத் தடைசெய்தோமா? கேரளமும் புதுச்சேரியும் கள்ளுக்கு உரிமம் கொடுக்கின்றன. கோவாவின் முந்திரி ஃபெனி 2009இல் புவிசார் குறியீடு பெற்றது. இங்கோ 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. கள்ளைத் தடுத்தது அவர்களைக் காக்கவில்லை. குடி குடும்பங்களை அழிக்கிறது என்போரை மதிக்கிறோம். முழு மதுவிலக்குக் கேட்பவரின் வாதத்தில் நேர்மை இருக்கிறது. தானே மது விற்கும் அரசு கள்ளை மட்டும் தடுப்பதில் எந்த நேர்மையும் இல்லை.

இது இலக்கிய வாசகரின் கவலையும்கூட. கள், நறவு, தேறல், தோப்பி, மட்டு, பிழி என்று வகைபிரித்துச் சுவைத்த மொழி நம்முடையது. அதியமானின் கள்ளை நினைத்து அழுத ஔவையை மேடைதோறும் மேற்கோள் காட்டுகிறோம். இன்று நம்மிடம் எஞ்சியிருக்கும் சொல் ‘சரக்கு’ ஒன்றுதான். வடிப்பவனையும் இறக்குபவனையும் சட்டம் துரத்தும் ஊரில் சுவைக்கான சொற்கள் எப்படிப் பிழைக்கும்?

யூஸுவைப் பற்றி எழுதுங்கள், தடையில்லை. அதே பேனாவால் பனையேறியின் உரிமையையும் எழுதுங்கள். அதை எழுத மறுத்தால், நீங்கள் கொண்டாடும் மண்வாசனை இறக்குமதிச் சரக்கு மட்டுமே.