பட்டாளத்தார் என்னும் பெயர்

காவிரிக் கரையிலுள்ள மோகனூர், நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை 1888-ஆம் ஆண்டிற் பிறந்த ஊர். 1930-இல் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்பெடுக்க நடந்து சென்ற தொண்டர்களின் வாயில் ஒலித்தது அவருடைய பாட்டே. ஆயுதமில்லாப் போருக்குத் தமிழில் குரல் தந்தவரின் ஊரை நினைத்துக்கொண்டு, ஆயுதமேந்திய சிப்பாயின் கௌரவத்தைப்பற்றி நாம் எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். வியப்புக்கு இடமில்லை. சத்தியாக்கிரகியும் சிப்பாயும் ஒரு விஷயத்தில் உறவினர். இருவரும் தம் உடலைப் பணயமாக வைத்தவர்கள். அவ்வாறு ஒருமுறை வைத்தவர் பின்னர் ஒருகாலும் பழைய மனிதராகிவிடுவதில்லை.

சேலம், நாமக்கல் சமவெளிக் கிராமங்களில் ‘மிலிட்டரிக்காரர் வீடு’ என்றும், ‘பட்டாளத்தார் தோட்டம்’ என்றும் வழங்குவதைக் கேளாதவர் யார்? அந்த வீட்டுக்காரர் சேவையில் இருந்தது பதினைந்து அல்லது இருபது ஆண்டுகளாயிருக்கும். நாற்பது வயதுக்கு முன்பே சீருடையைக் கழற்றிவிட்டு ஊருக்குத் திரும்பியிருப்பார். அதன் பிறகு முப்பது, நாற்பது ஆண்டுகள் கரும்புக்கும் வாழைக்கும் தண்ணீர் பாய்ச்சியிருப்பார். அல்லது லாரி ஓட்டியிருப்பார். அல்லது பாங்கு வாசலிற் காவல் நின்றிருப்பார். எனினும் ஊரார் அவரைக் குடியானவர் என்றோ டிரைவர் என்றோ அழைப்பதில்லை. அவர் சாகுமட்டும் பட்டாளத்தாரே. பேத்தியின் கலியாணப் பத்திரிகையிலும் அவர் பெயருக்கு முன்னே ‘ஹவில்தார்’ என்றோ ‘சுபேதார்’ என்றோ அச்சிடுகிறார்கள். வீட்டுப் பரணில் அவருடைய நம்பர் எழுதிய இரும்புப் பெட்டி இருக்கிறது. விடியுமுன் எழும் வழக்கத்தை வயோதிகமும் மாற்றவில்லை.

இதை வீண் பெருமை என்று நகைப்பவர் உண்டு. வயிற்றுக்காகப் பட்டாளத்தில் சேர்ந்தவனுக்குப் பெருமை என்ன என்று கேட்பவரும் உண்டு. இன்னொரு கேள்வி தேசியவாதிகளிடமிருந்தே எழுந்தது: அந்நியனுக்காகத் துப்பாக்கி தூக்கியவனை நாம் எப்படிக் கொண்டாடுவது? முதல் உலக யுத்தத்தில் ஏறத்தாழ 13 லட்சம் இந்தியர் பணியாற்றினர். 74,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். இரண்டாவது யுத்தத்தில் இந்தியப் படையின் எண்ணிக்கை 25 லட்சத்தை எட்டியது. இவர்கள் வெள்ளைக்கார சர்க்காரின் சம்பளத்தை வாங்கினார்கள் என்பது மெய். அக்காலத் தேசியப் பத்திரிகைகள் பட்டாளத்துக்கு ஆள் சேர்ப்பதைக் கண்டித்ததும் மெய், அக்கண்டனம் நியாயமானதே. ஆயினும் குற்றம் ஆள் சேர்த்த ஏகாதிபத்தியத்தினுடையது. மழை பொய்த்த ஆண்டில் கையெழுத்திட்ட குடியானவனுடையதன்று. அவன் எதற்காகச் சேர்ந்தான் என்பது ஒன்று. சேர்ந்தபின் எப்படி நின்றான் என்பது வேறு. நிற்கச் சொன்ன இடத்தில் நின்றதும், பக்கத்தில் நின்றவனைக் கைவிடாததுமே அவனுடைய பெருமை. அது எஜமானன் கொடுத்ததன்று. ஆகையால் எஜமானன் போனபோது அது போகவுமில்லை.

தமிழருக்கு இப்பெருமையில் மற்றொரு நியாயமும் சேர்ந்திருக்கிறது. தென்னாட்டார் போர்க்குணமற்ற சாதியார் என்பது ராபர்ட்ஸ் பிரபு போன்ற வெள்ளைத் தளபதிகளின் கொள்கை. அவர் 1881 முதல் 1885 வரை சென்னைச் சேனைக்கே தலைமை வகித்தவர்; பின்னர் இந்தியச் சேனை முழுவதற்கும் தளபதியானவர். அக்கொள்கை ஓங்கியபின் சென்னைப் பட்டாளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறைந்தன. இரு உலக யுத்தங்களுக்கும் இடையில் நிரந்தரச் சென்னைக் காலாட்படை இல்லாமலே போயிற்று. இரண்டாவது யுத்தம் மூண்டு ஆள் முடை வந்ததும், போர்க்குணமற்றவர் என்று ஒதுக்கிய அதே தமிழரையும் தெலுங்கரையும் மலையாளிகளையும் மீண்டும் திரட்டிப் பர்மாவுக்கு அனுப்பினார்கள். ஏட்டில் எழுதிய கொள்கையைக் காட்டில் நின்றவர்கள் பொய்யாக்கினார்கள். 1758-இலிருந்து தன் வரலாற்றைக் கணக்கிடும் மதராஸ் ரெஜிமெண்டு இன்று நீலகிரியில் வெல்லிங்டனைத் தலைமையிடமாகக் கொண்டு நிலைத்திருக்கிறது.

அதே பர்மாப் போர்முனையின் எதிர்ப்புறத்திலும் தமிழர் நின்றனர். 1943 ஜூலையில் சிங்கப்பூரில் நேதாஜி தலைமையேற்ற இந்திய தேசிய ராணுவத்தில், மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர் சேர்ந்தனர். சென்னையிற் பிறந்த டாக்டர் லட்சுமி, ஜான்சி ராணிப் படைக்குத் தலைவியானார். அதுவரை ‘கூலி’ என்று கங்காணியால் விளிக்கப்பட்டவன் அன்று சிப்பாய் ஆனான். அந்த ஒரு பெயர் மாற்றத்துக்காகவே உயிரையும் கொடுக்கச் சித்தமாயிருந்தவர் பலர். 1945 நவம்பரில் டில்லிச் செங்கோட்டையில் விசாரணை தொடங்கி, புலாபாய் தேசாய் அவர்களுக்காக வாதாடியபோது தேசமே அவர்கள் பக்கம் திரண்டது. ஆனால் சுதந்திரம் வந்தபின் நமது சொந்த சர்க்கார் அவர்களைப் படையில் மறுபடி சேர்த்துக்கொள்ளவில்லை. விடுதலை வீரருக்கான மத்திய சர்க்காரின் உபகாரச் சம்பளத் திட்டம் அமுலுக்கு வந்தது 1972 ஆகஸ்டு 15-ஆம் தேதி. கால் நூற்றாண்டு! அதற்குள் காத்திருந்து மடிந்தவர் எத்தனை பேர்!

நமது முன்னோர் இறந்த வீரனை எவ்வாறு போற்றுவது என்பதை நன்கு அறிந்திருந்தனர். கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை நடுகல்லுக்குரிய ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. பழைய சேலம் ஜில்லாவின் வடபகுதியில் நிரை மீட்டு மாண்டவர்களுக்கு நட்ட கற்கள் இன்றும் வயல்வெளியில் நிற்கின்றன. இறந்தவனுக்குக் கல் உண்டு, மாலை உண்டு. உயிரோடு திரும்பியவனுக்கு என்ன உண்டு? இந்தக் கேள்விக்குத்தான் எந்த சர்க்காரும் ஒழுங்காக விடை சொன்னதில்லை. அமெரிக்காவில் முதல் யுத்தத்திலிருந்து திரும்பிய ஆயிரக்கணக்கானோர் 1932-இல் தமக்குரிய தொகையைக் கேட்டு வாஷிங்டனிற் கூடாரமடித்தபோது, அவர்களை அவர்களுடைய சேனையைக் கொண்டே விரட்டினார்கள். அந்த வெட்கத்தை மறவாத தேசம், 1944-இல் திரும்பி வரும் வீரர்களின் படிப்புக்கும் வீட்டுக்கும் தனிச் சட்டம் செய்தது.

நமது நாட்டிலோ, ‘ஒரே பதவி, ஒரே பென்ஷன்’ என்ற கோரிக்கை பல பத்தாண்டுகள் அலைக்கழிக்கப்பட்டது. பதக்கம் பெற்ற முதியவர்கள் அவற்றைத் திருப்பிக் கொடுக்கும் நிலை வந்தது. 2015-இல் டில்லி ஜந்தர் மந்தரில் மாதக்கணக்காய் உட்கார்ந்தார்கள். அவ்வாண்டு நவம்பர் 7-ஆம் தேதி உத்தரவு பிறந்தது. 2014 ஜூலை 1 முதல் கணக்கிடப்பட்டது. ஐந்தாண்டுக்கொருமுறை மட்டுமே திருத்தும் அத்திட்டத்தை 2022 மார்ச்சு 16-இல் சுப்ரீம் கோர்ட்டு ஏற்றுக்கொண்டது. அவர்கள் கேட்டது பணம் மட்டுமன்று. முன்னே நின்றவனும் பின்னே வந்தவனும் ஒரே வரிசையைச் சேர்ந்தவர் என்பதை தேசம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதே அக்கோரிக்கையின் உயிர்.

இப்பொழுது அதைவிடப் பெரிய விஷயம் நம்முன் நிற்கிறது. 2022 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்ட அக்கினிபாதைத் திட்டத்தின்படி, இளைஞர் நான்காண்டுக்கு மட்டும் சேர்க்கப்படுகின்றனர். அவர்களில் நூற்றுக்கு 25 பேர்வரை நிரந்தரமாக்கப்படுவர். ஏனையோர் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாயுடன் வீடு திரும்புவர். முதல் அணியின் நான்காண்டு 2026-27-இல் நிறைவடைகிறது. 2022-இல் வெளியான நிபந்தனைகளை வாசகர்கள் கவனிக்கவேண்டும்: திரும்புவோர்க்கு உபகாரச் சம்பளம் இல்லை, பணிக்கொடை இல்லை, ‘முன்னாள் படைவீரர்’ என்னும் அந்தஸ்தும் இல்லை.

இதைச் சட்ட நோக்கிற் பார்ப்போம். முன்னாள் படைவீரர் யார் என்பதை 1979-ஆம் ஆண்டின் மறுநியமன விதிகளும் அவற்றின் திருத்தங்களும் வரையறுக்கின்றன. உபகாரச் சம்பளம் பெறாதவனாயினும், ஒப்புக்கொண்ட காலத்தைப் பூர்த்தி செய்து பணிக்கொடையுடன் விடுவிக்கப்பட்டவன் அவ்வரையறைக்குள் வருகிறான். பணிக்கொடை இல்லையென்று விதித்துவிட்டால் வரையறையின் கதவும் அடைபடுகிறது. ஒப்புக்கொண்ட காலத்தை அக்கினி வீரனும் பூர்த்தி செய்கிறான். எல்லையில் மற்றவரோடு அவனும் நிற்கிறான். குண்டு வரும்போது அது நான்காண்டுக்காரனா, பதினேழாண்டுக்காரனா என்று விசாரித்து வருவதில்லை. சேவையிற் சமமானவனைப் பெயரில் மட்டும் வேறாக்குவது எந்த நீதி?

சேனைக்கு இளமை வேண்டும், உபகாரச் சம்பளச் சுமை குறையவேண்டும் என்று சர்க்கார் தரப்பிற் கூறப்படுகிறது. மத்தியக் காவற்படைகளில் திரும்புவோர்க்கு இட ஒதுக்கீடும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. இவற்றை நாம் அலட்சியம் செய்யவில்லை. பணத்தின் அளவைப்பற்றி வாதிப்பதற்கு இடமுண்டு. நான்காண்டுக்கும் இருபதாண்டுக்கும் ஒரே சலுகை வேண்டுமென்று நாம் கூறவுமில்லை. சேவையின் காலத்துக்குத் தக்கவாறு சலுகைகளை அளவிடலாம். பெயரை அளவிடலாகாது. பதினெட்டு வயதிற் போய் இருபத்திரண்டு வயதில் மோகனூர் பஸ் நிலையத்தில் பெட்டியுடன் இறங்கும் இளைஞனை ஊரார் ‘பட்டாளத்தார்’ என்றே அழைப்பார்கள். அப்பெயரை ஜனங்கள் கொடுப்பார்கள், சர்க்கார் மறுக்கும். ஜனங்களின் வாக்குக்கும் சர்க்காரின் ஏட்டுக்கும் இப்படிப் பிளவு உண்டாவது தேசத்துக்கு அழகன்று.

1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7-ஆம் தேதி படைவீரர் கொடிநாள் கொண்டாடுகிறோம். சட்டையிற் சிறு கொடியைக் குத்திக்கொண்டு உண்டியலில் காசு போடுவதோடு கடமை தீர்ந்ததென்று கருதுகிறோம். தீரவில்லை. இந்திய தேசிய ராணுவத்தாரை 25 ஆண்டு காக்கவைத்த பிழையை இன்னொரு தலைமுறைக்குச் செய்யலாகாது. பாராளுமன்றத்தில் நமது பிரதிநிதிகள் எக்கட்சியினராயினும் சரி, 1979-ஆம் ஆண்டு வரையறையில் அக்கினி வீரனுக்கும் இடம் தரும்படி வற்புறுத்த வேண்டும். ஒரு தேசம் தன் வாலிபனிடம் உயிரைக் கேட்கலாம். அவன் கொடுக்கச் சித்தமானபின், அவனுக்குரிய பெயரைக் கொடுக்க மறுக்கலாகாது.