கல்லூரிக் கால்பந்துப் பயிற்சியாளருள் தலையாயவர் யார்?

408, 409. இவ்விரண்டு எண்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒன்றே ஒன்றுதான். முன்னது, அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கிராம்ப்ளிங் கல்லூரியின் கால்பந்துப் பயிற்சியாளர் எடி ராபின்சன் ஈட்டிய வெற்றிகளின் தொகை. பின்னது, பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் ஜோ பட்டர்னோ ஈட்டியது. 2011 அக்டோபர் 29ஆம் நாள் பட்டர்னோ தம் 409ஆம் வெற்றியைப் பெற்று ராபின்சனை முந்தினார். அன்றிலிருந்து பதினொரு நாள்களில் அதே பல்கலைக்கழகம் அவரைப் பணியிலிருந்து நீக்கியது. எக்காலத்துக்கும் தலையாய கல்லூரிப் பயிற்சியாளர் யார் என்று பட்டியலிட்டு வழக்காடுவதில் அமெரிக்கர்க்குத் தீராத வேட்கை உண்டு. அவ்வழக்கில் நாமும் ஒரு தீர்ப்பு எழுத முனைகிறோம்.

தமிழ்த்துறை மலரில் இதற்கு என்ன இடம் என்று வாசகர் வினவலாம். கல்லூரி என்னும் சொல் வரும் இடத்தில் ஆசிரியர் என்னும் சொல்லும் உடன் வருகின்றது. ஆசிரியரை அளப்பது எவ்வாறு என்பது நமக்குப் பழகிய வினாவே. நன்னூலார் நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகிய நான்கினையும் உவமையாக்கினார். எத்தனை மாணவரைத் தேர்ச்சி பெறச் செய்தார் என எண்ணிப் பார்க்கும்படி அவர் சொல்லவில்லை. அவ்வழக்கம் பிற்காலத்தது!

ஈண்டுக் கால்பந்து என்பது நாம் ஆடும் கால்பந்தன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தியோ எறிந்தோ 100 கஜ நீளமுள்ள களத்தின் மறு எல்லைக்குக் கொண்டு செல்லும் ஆட்டம் அது. அணிக்குப் பதினொருவர். நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கஜமேனும் முன்னேறாவிடில் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னர் ஆட்டம் நிற்கும். யார் எங்கே ஓடுவது, யார் யாரைத் தடுப்பது என்று வகுத்த பின்னரே மீண்டும் தொடங்கும். ஆகவே வேறெந்த ஆட்டத்தினும் இதில் பயிற்சியாளரின் கை ஓங்கியிருக்கிறது. அவர்கள் பெறும் செல்வாக்கும் அத்தகையதே. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கில் மட்டும் 1,07,000 பேருக்கு மேல் அமரலாம். அலபாமாப் பல்கலைக்கழகத்தின் நிக் சேபன் ஓய்வு பெறும் காலத்தில் ஆண்டுக்கு 1 கோடி டாலருக்கு மேல் ஊதியம் பெற்றார். களத்தில் எலும்பு நொறுங்க ஆடிய மாணவர்க்கோ, தம் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்கு அளித்து ஒரு டாலர் பெறுவதற்கும் 2021 வரை விதி இடந்தரவில்லை.

பட்டியலிடுவோர் பெரும்பாலும் இரண்டு அளவுகோல்களைக் கையாள்கின்றனர். ஒன்று வெற்றித் தொகை. மற்றொன்று தேசியப் பட்டங்கள். இரண்டுமே நிறைகோல் போல் நேர்நிற்பன அல்ல. பெரிய கல்லூரிகளுக்குள் தேசியப் பட்டம் நெடுங்காலம் களத்தில் முடிவு செய்யப்படவில்லை. 1936 முதல் செய்தியாளர்களும், 1950 முதல் பயிற்சியாளர்களும் வாக்களித்தே அதனை வழங்கினர். நான்கு அணிகள் மோதித் தீர்த்துக்கொள்ளும் முறை 2014இல்தான் வந்தது. 2024இல் அது பன்னிரண்டு அணிகளாயிற்று.

இதனால் விளைந்த விந்தைகளை அறியப் பால் பிரையன்ட்டின் வரலாறு ஒன்றே போதும். இளமையில் கரடியோடு மல்லுக்கட்டியதால் 'கரடி' என்றே பெயர் பெற்றவர் அவர். 1958 முதல் 1982 வரை அலபாமாவில் பணியாற்றி ஆறு தேசியப் பட்டங்களைக் கொணர்ந்தார். அவருடைய மொத்த வெற்றிகள் 323. பட்டியல்களில் முதலிடத்தில் அவரைப் பலமுறை காண்கிறோம். ஆயின் 1964இல் வாக்கெடுப்பு முடிந்து பட்டம் கைக்கு வந்தபின் அவர் அணி டெக்ஸாஸ் அணியிடம் 17-21 எனத் தோற்றது. 1973இல் பயிற்சியாளர்களின் வாக்கால் பட்டம் பெற்றபின் நோட்டர் டேம் அணியிடம் 23-24 எனத் தோற்றது. இருமுறையும் பட்டம் பறிபோகவில்லை. மாறாக, 1966இல் ஆடிய பதினொரு ஆட்டங்களையும் வென்றபோது மூன்றாமிடமே கிடைத்தது. எனவே 'ஆறு' என்பது கூடவும் குறையவும் இடமுள்ள எண்ணாகும்.

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. 1964, 1965 ஆம் ஆண்டுகளில் பட்டம் வென்ற அலபாமா அணியில் கறுப்பின மாணவர் ஒருவர்கூட இல்லை. கறுப்பின மாணவர் இருவர் நுழைவதைத் தடுக்க 1963இல் மாநில ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் வாயிலை மறித்து நின்றது அதே பல்கலைக்கழகத்தில்தான். 1970 செப்டம்பரில் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழக அணி பர்மிங்ஹாம் நகருக்கு வந்து 42-21 என அலபாமாவை வென்றது. அன்று அலபாமாவின் காவலை உடைத்துப் பாய்ந்த சாம் கன்னிங்ஹாம் ஒரு கறுப்பின இளைஞர். அந்த ஆட்டமே பிரையன்ட்டின் மனத்தை மாற்றியது என்று பலரும் எழுதுவர். அதற்கு முன்பே வில்பர் ஜாக்சன் என்னும் கறுப்பின மாணவரை அவர் சேர்த்துவிட்டார் என்பதே உண்மை. பிரையன்ட் தீயவர் என்று நாம் சொல்லவில்லை. அம்மாநிலத்தில் அவர் சொல்லுக்கு இருந்த மதிப்பு எந்த அரசியல்வாதிக்கும் இருந்ததில்லை. அச்சொல்லைப் பன்னிரண்டு ஆண்டுகள் அவர் உரத்துச் சொல்லாமலே இருந்தார் என்பதைக் கணக்கிலெடுக்க வேண்டும் என்கிறோம்.

நோட்டர் டேமின் நியூட் ராக்னி 1918 முதல் 1930 வரை 105 ஆட்டங்களை வென்று 12இல் மட்டுமே தோற்றார். நூற்றுக்கு 88 என்னும் அவ்விகிதத்தைப் பெரிய கல்லூரிகளுள் இன்றளவும் எவரும் விஞ்சவில்லை. அதே பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆய்வகத்திலும் பணி செய்தவர் என்பது நம் போன்றோர்க்கு உவப்பான செய்தி. 1931இல் விமான விபத்தில் 43 வயதிலேயே மறைந்தார். முதுமையின் சரிவைக் காணாத வாழ்வின் விகிதம் அழகாகத்தான் இருக்கும். ஒகையோவின் வுடி ஹேஸைப் பற்றி நீள எழுதத் தேவையில்லை. 1978இல் எதிரணி மாணவர் ஒருவரை ஆட்டத்தின் நடுவே கையால் குத்திப் பணியிழந்தவரை ஆசிரியர் வரிசையில் எங்ஙனம் வைப்பது?

இனிப் பட்டர்னோ. பல்லாண்டுகள் அவர் தமக்குக் கீழே துணைப் பயிற்சியாளராக வைத்திருந்த ஜெர்ரி சாண்டஸ்கி, சிறுவர்களைச் சீரழித்த 45 குற்றங்களுக்காக 2012இல் தண்டிக்கப்பெற்றார். கல்லூரிக் குளியலறையில் அவன் ஒரு சிறுவனிடம் தகாது நடந்ததைக் கண்ட உதவியாளர் 2001இலேயே பட்டர்னோவிடம் வந்து சொல்லியிருந்தார். பட்டர்னோ அதனை மேலிடத்துக்குத் தெரிவித்தார், காவல்துறைக்குத் தெரிவிக்கவில்லை. அதன்பின் பத்தாண்டுகள் அவர் வெற்றிகளைக் குவித்துக்கொண்டிருந்தார். கல்லூரி விளையாட்டுச் சங்கம் 2012இல் அவருடைய 111 வெற்றிகளை நீக்கியது. 2015இல் அவற்றைத் திரும்ப அளித்தது. எண்களை நீக்குவதும் சேர்ப்பதும் நமக்கு ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. களத்தில் அவ்வாட்டங்கள் வெல்லப்பட்டன என்பது மெய். மேலிடத்துக்குச் சொல்லிவிட்டதோடு தம் கடமை முடிந்தது என்று கருதியவர், கல்லூரி வளாகத்திலேயே மிகப் பெரிய மனிதராக இருந்தார் என்பதும் மெய். அவர் சொன்னால் நடவாதது அங்கு ஒன்றுமில்லை. ஆகவே நம் பட்டியலில் அவருக்கு எந்த இடமும் இல்லை.

ராபின்சன் வாரத்துக்குப் பயிரிட்ட குடியானவரின் மகன். பேட்டன் ரூஜ் நகரில் கால்நடைத் தீவன ஆலையொன்றில் கூலி வேலை பார்த்துவந்தவரை 1941இல் கிராம்ப்ளிங் அழைத்தது. அப்போது அவருக்கு வயது 22. மாத ஊதியம் 64 டாலருக்கும் குறைவு. கறுப்பினத்தவர்க்கென அமைந்த சிற்றூர்க் கல்லூரி அது. களத்தில் புல் வெட்டியவரும், மாணவர் கணுக்காலுக்குக் கட்டுப் போட்டவரும், ஆட்டம் முடிந்தபின் செய்தித்தாளுக்குச் செய்தி எழுதி அனுப்பியவரும் அவரே. முதலாண்டில் வெற்றியினும் தோல்வி மிகுதி. மறு ஆண்டு ஒன்பது ஆட்டங்களையும் வென்றார். எதிரணிகளால் ஒரு புள்ளிகூட எடுக்க இயலவில்லை. பருத்தி எடுக்கும் பருவத்தில் ஆட்டக்காரரைத் தந்தை வயலுக்கு அழைத்துக்கொண்டபோது, ராபின்சன் அணி முழுவதையும் கூட்டிச் சென்று பருத்தியெடுத்து முடித்து மாணவரை மீட்டுவந்தார் என்று கூறுவர். வெளியூர்ப் பயணங்களில் வழியிலிருந்த உணவகங்கள் அவர்களை உள்ளே விடா, கட்டுச்சோறே துணை. விடுதியில் மாட்டுமணியை ஆட்டிக்கொண்டே நடந்து மாணவரை வகுப்புக்கு எழுப்பியவர் அவர். மழை பொய்த்தாலும் வளம் தருவது மலை என்பார்களே, அந்த உவமையை நாம் இவருக்கே வைக்கிறோம்.

1949இல் அவர் மாணவர் 'டாங்க்' யங்கர், கறுப்பினக் கல்லூரிகளிலிருந்து தொழில்முறைக் கழகத்துக்குச் சென்ற முதல்வரானார். பின்னர்ச் சென்றோர் 200 பேருக்கு மேல். ஆட்டத்தைத் தலைமையேற்று நடத்தும் 'குவார்ட்டர்பேக்' என்னும் இடத்துக்குக் கறுப்பினத்தார்க்கு அறிவுத்திறன் போதாது என்பது அன்றைய தொழில்முறை அணிகளின் எண்ணம். ராபின்சன் அதற்கென்றே ஜேம்ஸ் ஹாரிஸைப் பயிற்றினார்; 1969இல் அவர் பஃபலோ அணியின் பருவத் தொடக்க ஆட்டத்திலேயே அவ்விடத்தில் நின்றார். அடுத்து வந்த டக் வில்லியம்ஸ் 1988 ஜனவரியில் வாஷிங்டன் அணியை நடத்தி, நாட்டின் மாபெரும் இறுதியாட்டத்தை 42-10 என வென்று சிறந்த ஆட்டக்காரர் விருதும் பெற்றார். 1998இல் ஆசானின் இடத்துக்குப் பயிற்சியாளராய் வந்தவரும் அதே வில்லியம்ஸ்தான்.

ராபின்சன் பெரிய அணிகளோடு மோதவில்லையே என்பது எதிர்வாதம். மோதாதது அவர் விருப்பத்தால் அன்று. கதவை அடைத்து வைத்திருந்தவர்கள், உள்ளே வரவில்லையே என்று பின்னர்க் குறை கூறுவது வழக்காகாது. தொழில்முறைக் களத்தில் அவர் மாணவர் பெரிய கல்லூரி மாணவரோடு தோளுக்குத் தோள் நின்று காட்டியதைவிட வேறு சான்று எதற்கு? 1970க்குப் பின் தென்மாநிலப் பெரும் பல்கலைக்கழகங்கள் கறுப்பின இளைஞரைத் தேடி அழைக்கத் தொடங்கவே, கிராம்ப்ளிங்குக்கு வந்த ஊற்று மெல்ல மெல்ல வற்றியது. நியாயம் கிடைத்த அதே வேளையில் நியாயத்துக்கு உழைத்தவரின் அணி மெலிந்தது. 1997இல் ஓய்வு பெறுமுன் கடைசி மூன்று ஆண்டுகளும் அவருக்குத் தோல்வியே மிகுதி. அத்தோல்விகளையும் சேர்த்து எண்ணியே முதலிடத்தை எடி ராபின்சனுக்கு அளிக்கிறோம்.

ஏழு பட்டம் வென்ற சேபனுக்கு மூன்றாமிடமும், பிரையன்ட்டுக்கு நான்காமிடமும், ராக்னிக்கு ஐந்தாமிடமும் தருவோம். பிரையன்ட்டின் காலத்தில் 1973 வரை உதவித்தொகை மாணவர் எண்ணிக்கைக்குத் தேசிய அளவில் வரம்பே இல்லை; சேபன் 85 பேரோடு வென்றார் என்பதே அவ்விருவர்க்கும் நாம் காணும் வேறுபாடு.

இரண்டாமிடத்தை வேண்டுமென்றே கடைசியில் கூறுகிறோம். ஏனெனில் அதைப் பலர் ஏற்கமாட்டார். மினசோட்டாவில் செயின்ட் ஜான்ஸ் என்னும் சிறு கல்லூரியில் இருந்த ஜான் கலியார்டியே அவர். விளையாட்டுக்கென உதவித்தொகை வழங்காத மூன்றாம் பிரிவுக் கல்லூரி அது. 1949 முதல் 2012 வரை பயிற்றி 489 வெற்றிகள் பெற்றார்; எந்தப் பிரிவிலும் அதனை எட்டியவர் இலர். மாணவர் உடல் சிதையக்கூடாதென்று பயிற்சியில் ஒருவரையொருவர் மோதி வீழ்த்துவதை அவர் தடை செய்திருந்தார். கையில் ஊதல் வைத்துக்கொள்ளவில்லை. 'பயிற்சியாளர்' என்று விளிக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். பதினெட்டு வயது மாணவரும் அவரை ஜான் என்றே அழைத்தனர்.