கொட்டடிக்கப் பிறந்தவன் யார்?

நம் நாட்டில் கொட்டடிக்கிற தொழிலைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே இரண்டு பொய்கள் வந்து நிற்கும். ஒன்று, அது பிறவியிலேயே வரவேண்டியது என்பது. மற்றொன்று, அது கடவுள் கொடுத்த வரம் என்பது. முதல் பொய்யைக் கொண்டு ஒருவனைச் சாவு வீட்டு வாசலில் நிறுத்தினார்கள். இரண்டாவது பொய்யைக் கொண்டு மற்றொருவனைச் சபையிலே ஜமக்காளம் விரித்து உட்காரவைத்தார்கள். ஆனால் இருவரும் தட்டுவது தோலைத்தான்! மிருதங்கத்திலும் மாட்டுத்தோல் இருக்கிறது. பறையிலும் மாட்டுத்தோல் இருக்கிறது. சிவன் உடுக்கை அடித்தால் அது திருநடனம். நந்தி மத்தளம் கொட்டினால் அது தெய்வீகம். ஒரு ஏழை மனிதன் பறை அடித்தால் மாத்திரம் அது தீட்டு! இது எந்த ஊர் நியாயம்?

இந்தப் பொய்கள் இரண்டையும் உடைப்பதற்கு வேதாந்த விசாரம் எதுவும் வேண்டியதில்லை. டாமி ரமோன் என்ற ஒரு கொட்டுக்காரனின் வாழ்க்கையே போதும்.

அவர் 1949 ஜனவரி 29-ல் ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் டாமாஷ் எர்டெயி. தாய் தந்தையர் போட்டோ பிடிக்கும் தொழிலாளர், யூதர். 1944-ல் இரண்டே மாத காலத்தில் 4 லட்சத்துக்கு மேற்பட்ட யூதர்களை அந்த நாட்டிலிருந்து ரயிலில் அடைத்து நாஜிகளின் கொலைக்களத்துக்கு அனுப்பினார்கள். செய்த குற்றம் என்ன? யூதத் தாய் வயிற்றில் பிறந்ததுதான். பிறப்பை வைத்து மனிதனை மதிப்பது என்று ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா? டாமியின் உற்றார் உறவினர் பலர் அதில் மாண்டார்கள். பெற்றோரை அண்டை வீட்டார் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள். மாண்டவர்களுந்தான் ஆண்டவனை வேண்டினார்கள், ஆண்டவன் வரவில்லை. பிழைத்தவர்களைக் காத்தது பக்கத்து வீட்டு மனிதனின் மனிதத்தன்மையே ஆகும்.

1957-ல் அந்தக் குடும்பம் அமெரிக்கா போய்ச் சேர்ந்து, நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில் குடியேறியது. பையன் பள்ளிக்கூடத்தில் கிதார் வாசித்தான். பிறகு இசைத்தட்டுப் பதிவு செய்யும் நிலையத்தில் உதவியாளனாகச் சேர்ந்து, ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1970-ல் வெளியிட்ட இசைத்தட்டு வேலையிலும் பங்கெடுத்தான். அதுவரையில் கொட்டுக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லை.

1974-ல் அவருடைய குவீன்ஸ் சினேகிதர்கள் மூவர் 'ரமோன்ஸ்' என்ற கோஷ்டியை ஆரம்பித்தார்கள். டாமி அதற்குக் காரியஸ்தராக மாத்திரம் இருப்பதாக ஏற்பாடு. முதலில் டிரம் அடித்த ஜோயி பாடப் போய்விட்டதால் அந்த இடத்துக்கு ஆள் தேடினார்கள். வந்தவர்கள் எல்லாம் வித்தை காட்டத் தெரிந்தவர்கள். அந்தப் பாட்டுக்கு வேண்டியதை அடிக்க ஒருவருக்கும் வரவில்லை. இப்படி இப்படி அடிக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்த டாமி, கடைசியில் தாமே குச்சியை எடுத்து உட்கார்ந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 25. குருகுல வாசமில்லை, பரம்பரை இல்லை, சரஸ்வதி கடாட்சமும் இல்லை. எது தேவை என்ற அறிவும், அதைச் செய்து பார்க்கும் துணிச்சலும், உழைப்பும் இருந்தன. அவ்வளவுதான்!

அவர் அடித்ததுதான் என்ன? அக்காலத்து ராக் கச்சேரிகளில் டிரம் அடிப்பவர் பத்து நிமிஷத்துக்கு மேலுங்கூடத் தனி ஆவர்த்தனம் செய்து ஜனங்களைப் பிரமிக்க வைப்பது வழக்கம். டாமி அதை அடியோடு விட்டார். ஒரே சீரான, வேகமான, நேரான அடி. அனாவசியமான ஜோடனை கிடையாது. இரண்டு நிமிஷத்தில் பாட்டு முடியும். மூச்சு வாங்குமுன் அடுத்த பாட்டு ஆரம்பமாகும். "இது சத்தந்தானே, சங்கீதமா?" என்று வித்வான்கள் கேட்கலாம். அவர்களை அந்த வேகத்தில் தாளம் பிசகாமல் பத்துப் பாட்டு அடித்துக்காட்டச் சொல்லுங்கள், பார்க்கலாம்!

1976-ல் வெளிவந்த அவர்களது முதல் இசைத்தட்டில் 14 பாட்டுகள்; மொத்தம் 29 நிமிஷம்; செலவு சுமார் 6,400 டாலர். பெரிய கோஷ்டியார் இதைப்போல் பல மடங்கு செலவழித்த காலம் அது. அந்த வருஷம் ஜூலையில் லண்டனில் போய் வாசித்தார்கள். வித்வத் இல்லாத வாலிபர்களும் மேடையேறலாம் என்ற தைரியம் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பரவியது. அந்த இசைக்குத்தான் 'பங்க் ராக்' என்று பெயர்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய சங்கதி இன்னொன்று உண்டு. அந்த நால்வரும் சகோதரர்கள் அல்ல. ஆனாலும் நால்வரும் தங்கள் பிறவிப் பெயரை விட்டு 'ரமோன்' என்ற ஒரே பெயரைப் பின்னால் சேர்த்துக்கொண்டார்கள். யார் என்ன குலம் என்று அந்தப் பெயரைக் கொண்டு ஒருவனும் கண்டுபிடிக்க முடியாது. நாமோ 1929-ல் செங்கற்பட்டு மாகாண சுயமரியாதை மகாநாட்டில், பெயருக்குப் பின்னால் உள்ள ஜாதிப்பட்டத்தை விடவேண்டும் என்று தீர்மானித்தோம். அவர்கள் ஒரு வாலைச் சேர்த்துச் சமமானார்கள். நாம் வாலை அறுத்துச் சமமாக முயன்றோம்.

டாமி 1978-ல், ஊர் ஊராக அலைவது தமக்கு ஒத்துவரவில்லை என்று ஆசனத்தை வேறொருவருக்கு விட்டு இறங்கினார். ஆனால் அடுத்த இசைத்தட்டைத் தயாரிப்பதில் பங்கெடுத்தார். பிறகு வேறு கோஷ்டிகளுக்கும் தட்டுகள் தயாரித்தார். வயதான பின் மாண்டலின் வாசித்துக் கிராமியப் பாட்டுப் பாடினார். 2014 ஜூலை 11-ல் புற்றுநோயால், 65-வது வயதில் காலமானார். முதல் நால்வரில் கடைசியாக மறைந்தவர் அவரே. அந்த முதல் தட்டு 5 லட்சம் பிரதி விற்றதற்கான தங்கத்தட்டுப் பட்டம் அதே 2014-ல், வெளிவந்து 38 வருஷம் கழித்துத்தான் கிடைத்தது.

தோழர்களே! ஒருவன் 25-வது வயதில் குச்சியை எடுக்கலாம், 29-வது வயதில் கீழே வைக்கலாம், பிறகு வேறு தொழில் பார்க்கலாம் என்றால் அதற்குப் பெயர்தான் சுதந்திரம். இன்று பறை மேடையேறியிருக்கிறது, பட்டதாரிகளும் பெண்களும் கற்கிறார்கள்; சந்தோஷம். ஆனால் கிராமத்தில் சாவு விழுந்தால் இன்னமும் எந்தத் தெருவுக்கு ஆள் அனுப்புகிறார்கள்? வரமாட்டேன் என்று சொன்னவனை ஊர் என்ன செய்கிறது? ஆசைப்பட்டவன் எவனாயிருந்தாலும் அடிக்கட்டும். இஷ்டமில்லாதவன் எந்தத் தெருவில் பிறந்திருந்தாலும் அடிக்க வேண்டாம். அவனைக் கட்டாயப்படுத்த ஊர் கூடினால், அவன் பக்கத்தில் போய் நிற்க வேண்டியது உங்கள் கடமை. கொட்டடிக்கப் பிறந்தவன் என்று உலகத்தில் ஒருவனும் இல்லை, கற்றுக்கொண்டவன்தான் உண்டு.