நாளந்தா பல்கலைக்கழகம்: கட்டடங்கள் தயார், கல்வி இலக்குகள் எந்தக் கட்டத்தில்?

புதுதில்லி: பிகார் மாநிலம் ராஜ்கிரில் 455 ஏக்கர் பரப்பில் அமைந்துள்ள நாளந்தா பல்கலைக்கழகத்தின் நிரந்தர வளாகத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2024-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் தேதி திறந்து வைத்தார். பல்கலைக்கழகத்துக்கான சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றி ஏறத்தாழ 14 ஆண்டுகள் ஆன நிலையில் இந்த விழா நடைபெற்றது. பல ஆண்டுகள் இழுபறியாக இருந்த கட்டுமானப் பணி ஒரு முக்கியக் கட்டத்தை எட்டிவிட்டது. ஆனால், இந்நிறுவனம் எதற்காகத் தொடங்கப்பட்டதோ அந்தக் கல்வி இலக்குகளில் எவ்வளவு தூரம் முன்னேறியுள்ளது என்பது தனியாக ஆராயப்பட வேண்டிய கேள்வியாகும்.

நாளந்தாவை மீண்டும் உருவாக்கும் யோசனையை அப்போதைய குடியரசுத் தலைவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் 2006-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பிகார் சட்டப்பேரவை, மேலவை உறுப்பினர்களிடையே ஆற்றிய உரையில் முன்வைத்தார். மறு ஆண்டு, நோபல் பரிசு பெற்ற பொருளியல் அறிஞர் அமர்த்திய சென் தலைமையில் வழிகாட்டுக் குழு அமைக்கப்பட்டது. 2009-ஆம் ஆண்டு அக்டோபரில் தாய்லாந்தில் நடைபெற்ற கிழக்கு ஆசிய உச்சி மாநாட்டில் இத்திட்டத்துக்கு ஆதரவு தெரிவித்துக் கூட்டறிக்கை வெளியானது. 2010-ஆம் ஆண்டுச் சட்டம் இதன் தொடர்ச்சியாகவே வந்தது.

அந்தச் சட்டத்தின் நோக்கங்களைச் சுருக்கினால் மூன்று இலக்குகள் தெரியவரும். ஒன்று, ஆசிய நாடுகளின் கூட்டு முயற்சியாக அமையும் பன்னாட்டுக் கல்வி நிறுவனம். இரண்டு, தத்துவம், மொழி, வரலாறு உள்ளிட்ட துறைகளில் உயர் ஆய்வு. மூன்று, கல்விச் சுதந்திரம். இவற்றில் ஒவ்வொன்றிலும் முன்னேற்றத்தின் அளவு வேறுபடுகிறது.

துறைகளில் வளர்ச்சி

கல்விப் பணியைப் பொருத்தவரை வளர்ச்சி கண்கூடானது. 2014-ஆம் ஆண்டு செப்டம்பரில் வரலாற்று ஆய்வு, சூழலியல் ஆகிய இரு பள்ளிகளுடன், 15 மாணவர்களைக் கொண்டு, ராஜ்கிரில் இருந்த தற்காலிகக் கட்டடத்தில் வகுப்புகள் தொடங்கின. பின்னர் பௌத்த ஆய்வு, தத்துவம் மற்றும் சமய ஒப்பீடு, மொழி மற்றும் இலக்கியம், மேலாண்மை, பன்னாட்டு உறவுகள் மற்றும் அமைதி ஆய்வு ஆகிய பள்ளிகள் சேர்க்கப்பட்டன. தற்போது முதுநிலை, முனைவர் பட்டப் படிப்புகள் நடத்தப்படுகின்றன. வங்காள விரிகுடா நாடுகளைப் பற்றிய ஆய்வுக்கெனத் தனி மையம் ஒன்றும் இயங்குகிறது.

வளாகத் திறப்பின்போது 20-க்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த மாணவர்கள் இங்குப் பயில்வதாகப் பிரதமர் குறிப்பிட்டார். சிறிய பல்கலைக்கழகம் ஒன்றுக்கு இது குறிப்பிடத்தக்க பன்முகத்தன்மையாகும். ஆயினும், வெளிநாட்டு மாணவர்களில் கணிசமானோர் ஆசியான்–இந்தியா நிதி, பிம்ஸ்டெக் போன்ற உதவித்தொகைத் திட்டங்களின் வழியாக வருகின்றனர். உதவித்தொகை இல்லாமலும் ஒரு மாணவர் நாளந்தாவைத் தேர்ந்தெடுக்கும் நிலை வரும்போதுதான் அதன் கல்வி மதிப்பு முழுமையாக உறுதிப்படும்.

எண்ணிக்கை உயர்வதற்கு நடைமுறைத் தடை ஒன்றும் உள்ளது. திறப்பு விழாவின்போது மத்திய அரசு வெளியிட்ட விவரப்படி, வளாகத்தின் 40 வகுப்பறைகளில் சுமார் 1,900 பேர் அமரலாம். மாணவர் விடுதியில் சுமார் 550 பேர் தங்கலாம். பாட்னாவிலிருந்து சுமார் 100 கி.மீ. தொலைவில் உள்ள ராஜ்கிர், சுற்றுலாப் பயணிகளையும் யாத்திரிகர்களையும் நம்பியிருக்கும் சிறு நகரம். தங்குமிடத்துடன் கூடிய பல்கலைக்கழகம் அத்தகைய ஊரில் வளர வேண்டுமானால், வகுப்பறை இருக்கைகளைவிட விடுதிப் படுக்கைகளின் எண்ணிக்கையே மாணவர் சேர்க்கையைத் தீர்மானிக்கும். பேராசிரியர்களுக்கும் இது பொருந்தும். குடும்பத்துடன் இடம்பெயர்வோருக்குப் பள்ளிக்கூடம், மருத்துவமனை, துணைவருக்கு வேலைவாய்ப்பு ஆகியவையும் தேவை.

நிதியில் தனித்து நிற்கும் இந்தியா

கூட்டு முயற்சி என்ற இலக்குதான் மிகவும் பின்தங்கியுள்ளது. ஆஸ்திரேலியா, சீனா, சிங்கப்பூர், தென்கொரியா, தாய்லாந்து, இலங்கை உள்ளிட்ட 17 நாடுகள் இத்திட்டத்தில் இணைந்துள்ளன. உறுப்பு நாடுகளின் தன்னார்வ நிதியும் பல்கலைக்கழகத்துக்குக் கைகொடுக்கும் என்பதே தொடக்ககால எதிர்பார்ப்பு. சீனா 10 லட்சம் அமெரிக்க டாலரும் ஆஸ்திரேலியா 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலரும் வழங்கின. ஆனால், 2013-ஆம் ஆண்டில் மத்திய அமைச்சரவை ஒதுக்க ஒப்புதல் அளித்த தொகை ரூ.2,700 கோடிக்கும் அதிகம். இரண்டையும் ஒப்பிட்டால் சுமை யார் தோளில் உள்ளது என்பது விளங்கும்.

தில்லியில் இயங்கும் தெற்காசியப் பல்கலைக்கழகத்திலும் இதே போக்கைக் காணலாம். சார்க் அமைப்பின் எட்டு நாடுகளுக்குப் பொதுவான அந்நிறுவனத்தின் வளாகக் கட்டுமானச் செலவு முழுவதையும் இந்தியாவே ஏற்றது. பிராந்திய ஒத்துழைப்பின் பெயரில் தொடங்கப்படும் பல்கலைக்கழகங்கள், நடைமுறையில் நிதி தரும் நாட்டின் நிறுவனமாக மாறிவிடும் வாய்ப்பு அதிகம் என்பதை இவ்விரு அனுபவங்களும் உணர்த்துகின்றன.

பழைய நாளந்தாவின் வரலாறு இவ்விடத்தில் கவனிக்கத்தக்கது. ஒன்பதாம் நூற்றாண்டில் சுவர்ணத்வீபத்தின் அரசர் பாலபுத்திரதேவர் அங்கு ஒரு விகாரத்தைக் கட்டினார். அவர் வேண்டுகோளை ஏற்று, பால வம்ச அரசர் தேவபாலர் ஐந்து கிராமங்களை அதற்கு மானியமாக அளித்தார் என்று அங்குக் கிடைத்த செப்பேடு கூறுகிறது. அயல்நாட்டவரின் கொடையும், கிராம வருவாய் என்ற நிலையான ஆதாரமும் சேர்ந்தே அந்நிறுவனத்தைப் பல நூற்றாண்டுகள் தாங்கின. இன்றைய பல்கலைக்கழகமோ, ஆண்டுதோறும் வெளியுறவு அமைச்சகத்தின் பட்ஜெட்டில் ஒதுக்கப்படும் தொகையை எதிர்நோக்குகிறது. வட்டியிலிருந்து செலவிடத்தக்க நிரந்தர நிதியம் வலுப்பெறாத வரை, பத்தாண்டு நோக்கில் ஆய்வுத் திட்டங்களை வகுப்பது கடினம்.

தன்னாட்சி குறித்த கேள்வி

நிர்வாகத்தில் ஏற்பட்ட குறுக்கீடுகளும் முன்னேற்றத்தைத் தாமதப்படுத்தின. முதல் வேந்தரான அமர்த்திய சென், தாம் தொடர்வதை மத்திய அரசு விரும்பவில்லை என்று கூறி, 2015-ஆம் ஆண்டில் இரண்டாவது பதவிக் காலத்துக்கான போட்டியிலிருந்து விலகினார். அவருக்குப் பின் வேந்தரான சிங்கப்பூரின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் யோ, நிர்வாகக் குழு மாற்றியமைக்கப்பட்டது தமக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்படவில்லை என்று கூறி 2016-ஆம் ஆண்டு நவம்பரில் பதவி விலகினார். வழிகாட்டுக் குழு தற்காலிக ஏற்பாடாகவே நீடித்ததாகவும், சட்டப்படி முறையான நிர்வாகக் குழுவை அமைக்க வேண்டியிருந்ததாகவும் அரசுத் தரப்பு வாதிட்டது. நிதி பங்களிப்பில் முன்னிற்கும் உறுப்பு நாடுகளுக்கு நிர்வாகக் குழுவில் இடமளிக்கச் சட்டம் வகைசெய்கிறது என்பதால், நிதிப் பிரச்னையும் தன்னாட்சிப் பிரச்னையும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தவை.

2023-ஆம் ஆண்டு முதல் பொருளியல் அறிஞர் அரவிந்த் பனகாரியா வேந்தராக உள்ளார். அதன்பின் நிர்வாகத்தில் ஒப்பீட்டளவில் அமைதி நிலவுகிறது. 2024-25-ஆம் நிதியாண்டுக்கான பட்ஜெட் உரையில், நாளந்தாவைச் சுற்றுலா மையமாக மேம்படுத்துவதுடன் பல்கலைக்கழகத்தின் பழம்பெருமையை மீட்கவும் ஆதரவளிக்கப்படும் என்று மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். இவ்விரு நோக்கங்களுக்கும் வேகம் வேறு. சுற்றுலாவின் பலன் சில ஆண்டுகளில் தெரிந்துவிடும். ஆய்வு மரபு உருவாக ஒரு தலைமுறை ஆகலாம்.

எனவே, அடுத்த பத்தாண்டுகளில் நாளந்தாவை மதிப்பிடுவதற்கான அளவுகோல்கள் எளிமையானவை: விடுதி வசதியும் நிரந்தரப் பேராசிரியர் எண்ணிக்கையும் உயர்கின்றனவா, பிற நாடுகள் நிதியுடன் முன்வருகின்றனவா, நிர்வாகக் குழு தன் முடிவுகளைத் தானே எடுக்கிறதா, முனைவர் பட்டம் பெறுவோரின் ஆய்வுகள் ஆசியாவின் பிற பல்கலைக்கழகங்களில் பயன்படுகின்றனவா என்பவையே அவை. வளாகம் இந்திய அரசின் செலவில் எழுந்துவிட்டது. இவற்றுக்கான பதிலோ பல நாடுகளின் ஒத்துழைப்பையும், தொடர்ந்து வரும் அரசுகளின் பொறுமையையும் சார்ந்துள்ளது.